அடி இறக்கத்துக்கு வளையம்: கழற்றத் தெரிந்தவருக்கு நல்ல பொருள்

பாம்பன், மண்டபம் பக்கத்து மருந்துக்கடையில் ‘பெஸரி இருக்கா’ என்று கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் முழிப்பார். ‘அடி இறக்கத்துக்கு வைக்கிற வளையம்’ என்றால் அவருக்குப் புரிந்துவிடும், கடையில் நிற்கிற மற்ற நாலு பேருக்கும் சேர்த்தே புரிந்துவிடும். கர்ப்பப்பையோ மூத்திரப்பையோ கீழே சரிந்து வருவதுதான் அடி இறக்கம், அதைத் தாங்க யோனிக்குள் வைப்பது இந்த வளையம். அந்தக் கூச்சத்தில் கேட்காமலே போய், ஆபரேஷன் இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்வது என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைக்கிற பெண்கள் இந்தக் கரையில் நிறைய. வளையம் மூன்றாவது வழி. படுக்கை வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அன்றைக்கே கழற்றிவிடலாம்.

அந்தக் ‘கழற்றிவிடலாம்’ என்பதை வைத்துத்தான் இந்தப் பொருளுக்கு மதிப்பெண் போட முடியும். தன் விரலால் கழற்றி, கழுவி, திரும்ப வைக்கப் பழகிய பெண்ணுக்கு சிலிக்கான் வளையம் ஐந்துக்கு நாலரை வாங்கும். வைத்ததையே மறந்துபோகிற பெண்ணுக்கு அதே வளையம் ஐந்துக்கு ஒன்றுதான்.

இறங்குவது எது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இடுப்புக்கு அடியில், முன்னெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளி கட்டினாற்போல ஒரு தசைப்படுகை இருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுவும், மேலேயிருந்து பிடித்திருக்கும் நார்களும். தூளி தொய்ந்தால் முன்பக்கச் சுவரோடு மூத்திரப்பை பிதுங்கலாம், நடுவில் கர்ப்பப்பை இறங்கலாம், பின்பக்கம் மலக்குடல் தள்ளலாம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் இது வரும். அவர்களுக்கு யோனியின் மேல்முனையே கீழே சரியும். ‘கர்ப்பப்பையே இல்ல, எனக்கு எப்படி அடி இறங்கும்?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

காலையில் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்தால் கனம், குந்தினால் முட்டை மாதிரி ஏதோ தட்டுப்படும், குளிக்கும்போது கையில் படும். யோனிவாய் அளவுக்கு வந்த பிறகுதான் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே வரும். அதற்கு மேலே நிற்கும் லேசான இறக்கம் தொந்தரவு தராதவரை எந்தப் பொருளும் வாங்கத் தேவையில்லை. ஸ்கேன் சீட்டில் ‘லேசான இறக்கம்’ என்று எழுதியிருக்கிறது என்பதற்காக வளையம் தேடி அலைய வேண்டாம்.

சந்தையில் கிடைப்பது பல வடிவம். இங்கே எளிதில் கைக்கு வருவது வெறும் பிவிசி வளையம், வளையல் மாதிரி நடுவில் ஓட்டையோடு இருக்கும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் விறைப்பாக இருக்கும். வைப்பதற்கு முன் வெந்நீரில் சிறிது நேரம் போட்டு இளக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு வைக்க வேண்டும். நாள் ஆக ஆக இன்னும் விறைத்து, நிறம் மாறி, வாடையைப் பிடித்துவைக்கும். அதனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்க வேண்டும்.

சிலிக்கான் வளையம் மெத்தென்று இருக்கும், நன்றாக மடியும், வாடை பிடிக்காது, விரிசல் விடாதவரை வருடக்கணக்கில் உழைக்கும். விலை கூட. இறக்குமதிச் சரக்கு ஆயிரங்களில் போகும். ஆறு மாதத்துக்கு ஒரு பிவிசி என்று மூன்று வருடக் கணக்குப் போட்டால், உள்ளூர்ச் சிலிக்கானுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் வராது. எங்கள் ஓட்டு சிலிக்கானுக்கு. அதிலும் நடுவில் துளைகளோடு மெல்லிய சவ்வு உள்ளதாகப் பாருங்கள். மூத்திரப்பை முன்னால் பிதுங்குகிறவர்களுக்கும் கர்ப்பப்பை ஓரளவு இறங்கியவர்களுக்கும் அந்தச் சவ்வு தாங்குபலகையாக நிற்கும். துளைகள் கசிவு வெளியேறுவதற்காக இருப்பவை.

முழுக்க வெளியே தொங்குகிற இறக்கத்துக்கு வளையம் பல நேரம் நிற்காது. அதற்குக் குடைக்காளான் வடிவில் காம்பு வைத்த ஜெல்ஹார்ன் இருக்கிறது. நன்றாகப் பிடிக்கும். ஆனால் வீட்டில் கழற்றுவது கடினம், உறிஞ்சிப் பிடித்திருக்கும் பிடியை விலக்க மருத்துவரின் கை வேண்டும். சதுரக் கட்டி மாதிரி வரும் கியூப், இருக்கிற வகைகளிலேயே பலமாக உறிஞ்சி நிற்பது, அதனாலேயே ஆபத்தும் கூட. தினமும் இரவில் கழற்றியே ஆக வேண்டும். கழற்ற முடியாத ஆளுக்கு யாராவது கியூபைப் பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள்.

இனி அளவு. இந்தப் பொருள் கெட்ட பெயர் வாங்குவது பெரும்பாலும் இங்கேதான். வளையங்கள் சுமார் 50 மில்லிமீட்டரிலிருந்து 100 வரை வருகின்றன. பெரும்பாலானவர்களுக்கு 60-க்கும் 80-க்கும் இடையில் ஏதோ ஒன்று பொருந்தும். அக்காளுக்குப் பொருந்தியது தங்கைக்குப் பொருந்தாது, எத்தனை பிள்ளை பெற்றார் என்பதை வைத்தும் சொல்ல முடியாது. ஆன்லைனில் ‘மீடியம்’ என்று போட்டிருப்பதை அப்படியே வாங்குவது, அடுத்தவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பது போலத்தான்.

அளவெடுப்பவர் இரண்டு விரலை உள்ளே விட்டு, பின்மூலையிலிருந்து முன்னெலும்பின் அடிவரை எவ்வளவு நீளம் என்று பார்ப்பார். அதை வைத்து ஒரு வளையத்தைத் தேர்ந்து வைப்பார். வைத்த பிறகு வளையத்துக்கும் யோனிச் சுவருக்கும் இடையில் ஒரு விரல் தாராளமாகச் சுற்றிவர வேண்டும். சுற்றவில்லை என்றால் பெரிது. அடுத்து மேசையை விட்டு இறங்கி இருமிப் பார்க்க வேண்டும், நடக்க வேண்டும், குந்தி எழ வேண்டும், முக்கிப் பார்க்க வேண்டும். கடைசியாக மூத்திரம் போய்விட்டு வர வேண்டும். மூத்திரம் வராமல் அனுப்பும் ஆஸ்பத்திரியில் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுங்கள். தண்ணீர் குடித்துப் போய்க் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். ராமேஸ்வரத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வீடு போய்ச் சேர்ந்த பிறகு அடைத்துக்கொண்டால் ராத்திரியில் திரும்பி வரவேண்டியிருக்கும்.

சரியான வளையம் உள்ளே இருப்பதே தெரியக் கூடாது. ‘பழகிடும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உறுத்தினால் அளவு தவறு. முதல் வளையம் பொருந்தாமல் இரண்டாவது, மூன்றாவது பார்ப்பது வழக்கமான விஷயம்தான், அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கர்ப்பப்பை எடுத்து யோனி நீளம் குறைந்தவர்களுக்கும், பிரசவக் கிழிசலால் யோனிவாய் அகன்று போனவர்களுக்கும் எந்த அளவும் நிற்காமல் போவதுண்டு. அவர்களுக்கு இந்தப் பொருளைச் சிபாரிசு செய்ய மாட்டோம்.

வைக்கும் முறை. மூத்திரம் போய்விட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஒரு காலை முக்காலி மேல் வைத்து நிற்கலாம். முழங்காலை மடக்கிப் படுத்தும் வைக்கலாம். வளையத்தில் எதிரெதிராக இரண்டு பள்ளம் இருக்கும். அங்கே மடித்தால் பிறை மாதிரி ஆகும். உள்ளே போகும் முனையில் மட்டும் தண்ணீரில் கரையும் வகை ஜெல்லி கொஞ்சம் தடவுங்கள். மொத்தமும் தடவினால் மடித்த வளையம் கையை விட்டுத் தெறிக்கும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் வேண்டாம். மறுகையால் யோனிவாயை விலக்கி, வளையத்தைப் பின்பக்கம் வால் எலும்பை நோக்கித் தள்ள வேண்டும். பலர் நேராக மேலே தள்ளி, எலும்பில் முட்டி, வலித்து, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். உள்ளே போனதும் வளையம் தானாக விரியும். விரிந்த பிறகு விரலால் கால் சுற்று திருப்புங்கள். இதை மறந்தால் பள்ளங்கள் வாய்க்கு நேராக நிற்கும், குந்தும்போது அங்கேயே மடிந்து வழுக்கி வெளியே வந்துவிடும். ‘வச்ச அன்னைக்கே விழுந்திருச்சு’ என்கிற புகாரைக் கேட்டால், அளவைச் சந்தேகிக்கும் முன் இந்தக் கால் சுற்றை விசாரியுங்கள்.

கழற்ற, குந்திக்கொண்டு லேசாக முக்க வேண்டும். முன்னெலும்புக்குப் பின்னால் வளையத்தின் விளிம்பு தட்டுப்படும். ஆள்காட்டி விரலைக் கொக்கியாக மாட்டி, பள்ளம் கையில் படும்வரை சுற்றி, சற்றே மடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். விரல் எட்டாதவர்கள் வளையத்தில் ஒரு நூலை வளையமாகக் கட்டிவைத்து அதைப் பிடித்து விளிம்பைக் கீழே கொண்டுவரலாம். பல் இடுக்கில் விடும் நூல் அதற்குச் சரி. கடற்கரை வீட்டில் கைக்கு எட்டுவது தங்கூசி எனும் நைலான் நரம்பு என்பதால் ஒரு எச்சரிக்கை. அதைக் கட்டாதீர்கள். வலையில் மீனின் செவுளை அறுப்பது எதுவோ அது உள்சதையையும் அறுக்கும்.

வாரத்துக்கு ஒரு ராத்திரி கழற்றி, சாதாரண சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவி, துடைத்து, காலையில் வைத்தால் போதும். தினமும் செய்ய விருப்பமுள்ளவர்கள் தினமும் செய்யலாம். டெட்டால், பினாயில், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். உப்புத் தண்ணீர்க் குழாய்தான் இருக்கிறது என்றால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீரில் ஒரு சொம்பு. உள்ளே எதையும் பீய்ச்சிக் கழுவக் கூடாது. தானாகக் கழற்ற முடியாதவர்கள், வைத்த ஒன்றிரண்டு வாரத்தில் ஒருமுறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ஆஸ்பத்திரியில் கழற்றி உள்ளே புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேதி மறக்கிறவர்கள் மூன்று அமாவாசைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். கடற்கரைப் பெண்களுக்குக் காலண்டர் மறந்தாலும் அமாவாசை மறக்காது.

மாதவிடாய் நின்றவர்களுக்கு இன்னொரு பொருளும் சேர்ந்தே வேண்டும். உள்சுவர் காய்ந்து மெலிந்திருக்கும், வளையம் உரசினால் புண்ணாகும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் எஸ்ட்ரியால் என்ற பெண் ஹார்மோன் கிரீம் அதைத் தடுக்கும். வழக்கமாக அரை கிராம் அளவில் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு இரண்டு இரவு. குழாயோடு வரும் ஏற்றியில், அதாவது கிரீமை உள்ளே செலுத்தும் சிறு குழலில், அரை கிராம் கோடு இருக்கும். கோட்டைத் தாண்டி நிறைத்தால் சீக்கிரம் குணமாகும் என்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிரீம் இல்லாமல் வளையம் மட்டும் கொடுத்து அனுப்பும் இடத்தில், ‘வயசு அறுபது, கிரீம் வேண்டாமா டாக்டரம்மா?’ என்று நாமே கேட்டுவிடுவது நல்லது.

இந்தக் கரையின் வேலைக்கு வளையம் தாங்குமா? பாசி எடுக்கப் போகிறவர்கள் மணிக்கணக்கில் இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் மூழ்கி எழுகிறார்கள். உப்புத் தண்ணீர் சிலிக்கானை ஒன்றும் செய்யாது, மூழ்குவதும் வளையத்தைத் தள்ளாது. தண்ணீருக்குள் இருக்கும்வரை உடல் எடையே குறைந்து தெரிவதால் கனமும் குறைவாகத்தான் இருக்கும். சிக்கல் கரையேறும்போது வருகிறது. நனைந்த பாசிச் சாக்கை ஒற்றை ஆளாகத் தூக்குவது, மூங்கில் மிதவையை மணலில் இழுப்பது, இடுப்பில் பையை இறுக்கிக் கட்டியபடி குனிவது. வயிற்றைச் சுற்றி இறுக்க இறுக்க அழுத்தம் கீழே இறங்கும். பையை இடுப்பெலும்புக்குக் கீழே தளர்த்திக் கட்டலாம், தோளுக்கும் மாற்றலாம். நனைந்த துணியோடு பொழுது முழுக்க இருந்தால் படையும் அரிப்பும் வரும், பழி வளையத்தின் மேல் விழும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காய்ந்த துணி மாற்றிக்கொண்டால் பாதிப் புகார் குறையும். கடலில் மூத்திரம் போகத் தயங்கி, தண்ணீர் குடிக்காமலே வேலைக்குப் போவதும் வழக்கமாகிவிட்டது. அதில் மூத்திரத் தொற்றும் மலச்சிக்கலும் வரும். மலச்சிக்கலில் முக்குவது வளையத்துக்கு முதல் எதிரி.

குந்தும் கழிப்பறையில் வளையம் விழுகிறது என்பது நிஜமான குறை, மறைக்க ஒன்றுமில்லை. மலம் கழிக்கும்போது இடது கை விரலை யோனிவாய்க்கருகில் அணை கொடுத்தாற்போல் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் நிற்கும். முதல் ஒரு வாரம், போகும்போதெல்லாம் கீழே பார்த்துக்கொள்ளுங்கள். பீங்கானுக்குள் போய்விட்ட பிவிசி வளையத்தைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டாம். சிலிக்கான் என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவைத்துப் பயன்படுத்தலாம். பின்பக்கம் மலக்குடல் பிதுங்கி மலம் பாதியில் நிற்கிறவர்கள் யோனிக்குள் ஒரு விரல் விட்டுப் பின்சுவரை அழுத்திக்கொண்டு போனால் சுலபமாக வெளியேறும். பலர் தாங்களாகவே இதைக் கண்டுபிடித்து, தப்புச் செய்கிறோமோ என்று யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள். தப்பே இல்லை. வைத்தியர்களே சொல்லிக்கொடுக்கும் முறைதான்.

எதிர்பாராத பின்விளைவு ஒன்றும் உண்டு. வளையம் வைத்த பிறகு, அதுவரை இல்லாத ஒரு கசிவு இருமினால், தும்மினால் வரலாம். இறங்கிய மூத்திரப்பை, மடிந்த ஓஸ் குழாய் மாதிரி பாதையை மடக்கி அடைத்து வைத்திருந்தது. வளையம் நிமிர்த்தியதும் அடைப்பு போய், உள்ளே மறைந்திருந்த தளர்ச்சி வெளிப்படுகிறது. பொருள் கெட்டது என்று தூக்கிப் போட வேண்டாம், மருத்துவரிடம் சொன்னால் முன்பக்கம் முண்டு வைத்த வளையம் மாற்றித் தருவார்.

லேசான வெள்ளைக் கசிவு சாதாரணம். நாற்றம், ரத்தம், காய்ச்சல், மூத்திரம் அடைப்பது, புதிதாக வலி, இவற்றில் எது வந்தாலும் கழற்றிவிட்டு அன்றைக்கே காட்ட வேண்டும். வருடக்கணக்கில் மறந்துபோன வளையத்தைச் சதை மூடி வளரும், மயக்க மருந்து கொடுத்து வெட்டி எடுக்க நேரும். அதற்கும் மேலே போனால் மூத்திரப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை விழுந்து, மூத்திரமோ மலமோ யோனி வழியாகவே ஒழுகும். மறந்துபோகிறவர்களுக்கு ஆரம்பத்தில் ஐந்துக்கு ஒன்று என்று மதிப்பெண் போட்டது இதற்காகத்தான். வீட்டில் வயதான, ஞாபகம் தப்பும் அத்தையோ ஆச்சியோ இருந்தால், உள்ளே வளையம் இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வளையம் கிடைக்காத நாளில் துணி உருண்டை, படிகாரம், மஞ்சள் என்று திணிப்பது புண்ணை வரவழைப்பதில் முடியும்.

யார் வாங்கவே கூடாது என்பதற்கு வருவோம். தொற்று, ஆறாத புண், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். இவர்களைப் போலவே முக்கியமாக, ஆனால் யாரும் கண்டுகொள்ளாத இன்னொரு கூட்டம், அடித்தசை இறுகிப் போனவர்கள். அடி இறக்கம் கனமும் இழுப்பும் தரும், கடும் வலி தருவது குறைவு. ‘கீழே குத்துது, எரியுது, உட்காரவே முடியல’ என்றால் தூளி தொய்ந்ததல்ல, விறைத்திருக்கலாம். அடையாளங்கள் சில உண்டு. வால் எலும்பைச் சுற்றி வலி, கணவனோடு சேரும்போது வலி, மூத்திரம் ஆரம்பிக்கத் தாமதம், போய் வந்த பிறகும் மீதி இருப்பது போன்ற எண்ணம். பனை ஓலை முடைவது, கருவாடு தரம் பிரிப்பது என்று ஒரே இருப்பில் மணிக்கணக்காக உட்காருகிறவர்களுக்கும், ‘எதுக்கும் ஒருமுறை போய்ட்டு வந்துருவோம்’ என்று வராத மூத்திரத்தை அடிக்கடி முக்கிப் போகிறவர்களுக்கும், மூத்திரத்தை அடக்கியே வைத்திருப்பவர்களுக்கும் இது வரும்.

பரிசோதிப்பவர் ஒரு விரலை உள்ளே விட்டு, யோனிவாயைக் கடிகாரமாக வைத்துக்கொண்டால் 4 மணி, 8 மணி இடங்களில் பக்கவாட்டில் அழுத்துவார். முறுக்கிய கயிறு மாதிரி தசை தட்டுப்பட்டு, அந்த இடத்தில் அதே வலி கிளம்பினால் விடை கிடைத்துவிட்டது. இந்தத் தசைக்குள் வளையத்தை வைத்தால் ஒரு நாளும் தாங்காது. ‘கெகல் பயிற்சி செய்’ என்று, அதாவது அடித்தசையைச் சுருக்கி வலுவேற்றும்படி, பொதுவாகச் சொல்லி அனுப்பினால் வலி இன்னும் கூடும், ஏற்கெனவே மூடிய முஷ்டியை இன்னும் இறுக்கச் சொல்வது போல.

அவர்களுக்குத் தேவை தளர்த்துவது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூக்கால் மெதுவாக நாலு எண்ணும்வரை மூச்சை இழுக்க வேண்டும். நெஞ்சு அசையாமல் வயிறு உப்ப வேண்டும், அதே நேரம் அடிப்பகுதி மலர்ந்து கீழே விரிவதாக உணர வேண்டும். வெளிவிடும்போது எதையும் சுருக்கக் கூடாது. காலை மாலை ஐந்து நிமிடம். அகலமான பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி பத்துப் பதினைந்து நிமிடம் இடுப்பு நனைய உட்காருவது நல்ல துணை. நடுவில் ஓட்டை உள்ள மெத்தை வாங்குபவர்கள், பின்பக்கம் வால் எலும்புக்கு நேராக வெட்டிவிட்ட வகையைப் பாருங்கள். வட்டமான டோனட் மெத்தை அடியைத் தொங்கவிட்டு இன்னும் இழுக்கும். வலிக்கும் முடிச்சை விரலால் ஒரு நிமிடம் போல அழுத்திப் பிடித்துத் தளர்த்துவதைப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்துகாட்டுவார், பிறகு வீட்டில் தானே செய்யலாம். இறக்கமும் இறுக்கமும் ஒரே பெண்ணுக்கு இருப்பதும் உண்டு. அப்போது முதலில் தளர்த்தல், வலி அடங்கிய பிறகுதான் வலுவேற்றல், வளையம் எல்லாம்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடி வருகிறார்கள். உள்பரிசோதனை எல்லோருக்கும் தெரிந்த வித்தையில்லை. ஆனால் மூச்சுப் பயிற்சியையும் சுமை தூக்கும் முறையையும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். உள்பரிசோதனைக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவில் கேளுங்கள்.

இணையத்தில் விற்கும் மற்ற சரக்குகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கெகல் உருண்டைகளும், செல்போனோடு இணையும் கருவிகளும் தொய்ந்த தசைக்கு ஓரளவு ஊக்கம் தரும், இறுகிய தசைக்குத் தீங்கு. கையில் காசு குறைவு என்றால் இவற்றைத் தவிர்த்துவிடலாம், பயிற்சிக்கு விரலே போதும். அடிவயிற்று பெல்ட்டை அடி இறக்கத்துக்கென்று வாங்காதீர்கள், மேலே இறுக்கினால் கீழேதான் தள்ளும். மாதவிடாய்க் கப் பயன்படுத்தும் இளம் பெண்கள் கப்பை நேராக இழுக்காமல், அடியைக் கிள்ளி உறிஞ்சுபிடியை விலக்கிய பிறகே எடுக்க வேண்டும்.

தொய்ந்த தசைக்கான பயிற்சியை 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் எழுதிய முறையிலிருந்தே எல்லோரும் வளர்த்தெடுத்தார்கள். வாயுவை அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்கி, உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். தொடையும் புட்டமும் இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடம் உள்வாங்க வேண்டும். வெளியே பிதுங்கினால் முக்குகிறீர்கள் என்று பொருள். மூன்று நொடியில் தொடங்கி எட்டுப் பத்து நொடிவரை பிடித்து, அதே அளவு நேரம் விட்டு, எட்டு முதல் பன்னிரண்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூன்று மாதம் செய்யாமல் பலனைப் பற்றிப் பேசக் கூடாது. மூத்திரம் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது தவறு.

வளையம் வைத்திருந்தாலும் குடம் குடம்தான். பதினைந்து லிட்டர் குடம் என்றால் பதினைந்து கிலோ. இடுப்பில் ஏற்றும் அந்த நொடிக்கு முன் அடியைச் சுருக்கி, மூச்சை வெளிவிட்டபடி தூக்குவதே தந்திரம். மூச்சை அடக்கி ‘ஹும்’ என்று தூக்கினால் மொத்த அழுத்தமும் வளையத்தில் இறங்கும். நம் ஊர்த் தள்ளுவண்டி நல்ல கண்டுபிடிப்பு. வண்டியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுபோகும்போது அரைக் குடமாகப் பிரித்து இரண்டு நடையாகப் போகலாம். கருவேல விறகுப் புகையிலும் கரிமூட்டத்திலும் வேலை செய்து நாள்பட்ட இருமல் வைத்திருப்பவர்களுக்கு, இருமலுக்கு மருந்து எடுக்காமல் எந்த வளையமும் நிற்காது.

ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. முடிந்து குறைந்தது ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன் கூடை தூக்குகிற வீட்டுக்கு வேலை தானாகவே குறையும் பருவம். அதன் தொடக்கத்தில் தேதி வாங்கி, அதுவரை வளையத்தில் ஓட்டலாம். ‘மெஷ்’ எனும் செயற்கை வலைத்துணி வைத்துத் தைப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். யோனி வழியாக இறக்கத்துக்கு வைக்கும் வலையின் விற்பனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் நிறுத்தச் சொல்லிவிட்டது.

வாங்கும்போது பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். அளவு வளையத்திலேயே பொறித்திருக்க வேண்டும், விளிம்பில் பிசிறு இருக்கக் கூடாது, மடித்து விட்டால் உடனே விரிய வேண்டும். உள்ளே கம்பி உள்ள வகையா என்றும் கேளுங்கள், எம்ஆர்ஐ எடுக்கும் முன் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். சுகாதாரக் காரணம் சொல்லிப் பெரும்பாலான கடைகளில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் அளவெடுத்து, சீட்டில் மில்லிமீட்டரில் எழுதி வாங்கிய பிறகே கடைக்குப் போங்கள். கடையில் வாய்திறந்து கேட்கக் கூச்சம் என்றால் அந்தச் சீட்டை நீட்டினால் போதும். பெட்டியில் அளவு அச்சடித்த பக்கத்தைக் கிழித்து, வைத்த தேதியை அதில் எழுதி, ஆதார் அட்டையோடு பர்ஸில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை பார்க்கிற நர்ஸம்மா வேறு ஆளாக இருந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.